கலீஃபாவுக்கு ஒரு காழியின் மறுமொழி
இமாம் அபூயூஸுஃபின் ‘கிதாபுல் கராஜ்’ காட்டும் நலிந்தோர் நலன்

நம் அரபிக் கல்லூரிகளில் ‘ஹிதாயா’ ஓதும் மாணவர்களுக்கு இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் பெயர் அன்றாடம் காதில் விழும் பெயராகும். இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து இன்னது, ‘ஸாஹிபைன்’ எனப்படும் அவர்தம் இரு தோழர்களின் கருத்து இன்னது என்று பாடம் நகர்ந்துகொண்டே இருக்கும். தூய்மை, தொழுகை, கொடுக்கல் வாங்கல் ஆகிய பாடங்களில் இவ்வாறு அறிமுகமாகும் அந்த இமாம், ஒரு பேரரசின் வரி, பாசனம், சிறைச்சாலை, ஏழைகளின் உரிமை ஆகியன குறித்து ஆட்சித் தலைவருக்கே ஒரு முழு நூலை எழுதியளித்தவர் என்பதை நாம் ஓதிய காலத்தில் எவரும் நமக்குச் சொல்லவில்லை. பின்னாளில் அந்நூலைத் தனியே வாசித்தபோது நாம் அடைந்த வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

‘கிதாபுல் கராஜ்’ என்பது நூலின் பெயர். கராஜ் என்றால் நிலவரி. பெயரைக் கண்டு இது கணக்கர்களுக்குரிய நூல் என எண்ணிவிடலாகாது. ஆட்சியின் கரம் எளிய மனிதனின் தோளில் எவ்வாறு படிய வேண்டும், எவ்விடத்தில் விலக வேண்டும் என்பதே அதன் உட்பொருள். நலத்திட்டங்களுக்கு ஆலோசனை கூறும் அறிஞர் குழுக்களும் ஆய்வறிக்கைகளும் பெருகியுள்ள இக்காலத்தில், பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்த ஆலோசனை எவ்வாறு அமைந்தது என்பதைக் காண்பது பயன் தரும்.

நெசவுக் கதிரும் நூறு திர்ஹமும்

இமாமவர்களின் இயற்பெயர் யஃகூப் இப்னு இப்ராஹீம் அல்அன்ஸாரி. ஹிஜ்ரி 113 (கி.பி. 731)-இல் கூஃபாவில் வறிய குடும்பமொன்றில் பிறந்தார்கள். கதீபுல் பக்தாதி தம் ‘தாரீகு பக்தாத்’ நூலில் பதிவு செய்துள்ள ஒரு செய்தி புகழ் பெற்றது. தந்தையை இழந்த அச்சிறுவரைத் தாயார் ஒரு வண்ணாரிடம் வேலைக்கு விட்டிருந்தார். சிறுவரோ வேலையை விட்டுவிட்டு இமாம் அபூஹனீஃபா அவர்களின் பாட அவையில் போய் அமர்ந்துகொள்வார். தாம் கதிர் சுற்றி நூல் நூற்று இப்பிள்ளைக்குச் சோறு போடுவதாகவும், அவன் நாளொன்றுக்கு ஒரு தானிக் காசாவது சம்பாதிக்கட்டும் என்றும் அத்தாய் இமாமிடம் வந்து முறையிட்டார். இவன் பிஸ்தா எண்ணெயில் செய்த ஃபாலூதஜ் உண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று இமாம் விடையளித்தார்களாம். பல்லாண்டுகள் கழித்துக் கலீஃபா ஹாரூன் ரஷீதின் உணவு விரிப்பில் அதே பண்டம் வைக்கப்பட்டபோது, அபூயூஸுஃப் அவர்கள் ஆசிரியரின் அச்சொல்லை நினைவுகூர்ந்தார்கள் என்று அச்செய்தி முடிகிறது. இமாமுல் அஃளம் அவர்கள் நூறு திர்ஹம் அடங்கிய பையை மாணவருக்கு அவ்வப்போது அளித்து, தீர்ந்ததும் கேட்காமலே மீண்டும் அளித்து வந்தார்கள் என்றும் கூறப்படுகிறது.

இந்நிகழ்ச்சிகளை நாம் சுவைக்காக எடுத்துரைக்கவில்லை. வறுமை என்ன செய்யும் என்பதை உடலால் அறிந்தவர் அவர். கேட்டு வாங்குவதற்கும் கேட்காமலே கிடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் அவர் அறிந்திருந்தார். பின்னர் சிறைவாசிகளைப் பற்றி அவர் எழுதிய பகுதியை இந்த அறிவின்றி முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

ஆசிரியர் அப்பாஸியக் கலீஃபா மன்ஸூர் அளிக்க முன்வந்த காழிப் பதவியை மறுத்துச் சிறைப்பட்டு, ஹிஜ்ரி 150 (கி.பி. 767)-இல் பக்தாதில் மறைந்தார்கள். மாணவரோ அப்பதவியை ஏற்றார். மஹ்தி, ஹாதி, ஹாரூன் ரஷீத் ஆகிய மூன்று கலீஃபாக்களின் காலத்தில் காழியாக இருந்தார். ‘காழில் குழாத்’, அதாவது காழிகளின் தலைமைக் காழி என்று அழைக்கப்பட்ட முதல்வரும் அவரே. ஆட்சியாளரின் வாயிலை அணுகாதிருப்பதா, உள்ளே சென்று நல்லது சொல்வதா என்ற வினா உலமாப் பெருமக்களை எக்காலத்திலும் வாட்டி வந்த வினா. ஓர் ஆசிரியரும் அவர்தம் தலைமாணவரும் அதற்கு இருவேறு விடைகளை வாழ்ந்து காட்டினர். இரண்டாம் விடையை ஏற்றவரின் நியாயம் எது என்று கேட்டால், ‘கிதாபுல் கராஜை’யே நாம் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும்.

கேட்டவர் கலீஃபா, கேட்கப்பட்டவர் காழி

வரிகளை வசூலிப்பதிலும் செலவிடுவதிலும் தாம் நடைமுறைப்படுத்தத்தக்க ஒரு நூலை எழுதித் தருமாறு ஹாரூன் ரஷீத் (ஆட்சி: ஹிஜ்ரி 170-193, கி.பி. 786-809) கேட்டதாகவும், குடிமக்கள்மீதுள்ள கொடுமையை நீக்குவதே அவர் நோக்கம் என்றும் இமாமவர்கள் முன்னுரையில் குறிப்பிடுகிறார்கள். நூலின் பெரும்பகுதி வினா-விடை அமைப்பிலேயே செல்கிறது. அமீருல் முஃமினீன் வினவிய செய்தி இது, அதற்குரிய விடை இது என ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்.

ஆயினும் விடைக்கு முன் அறிவுரை வருகிறது. இன்றைய வேலையை நாளைக்குத் தள்ள வேண்டாம், மேய்ப்பவன் தன் மந்தையைப் பற்றி வினவப்படுவான், இறைக் கட்டளையில் நெருங்கியவரும் தொலைவிலுள்ளவரும் சமமாக இருக்கட்டும் என்று, அக்காலத்தின் மிகப் பெரிய ஆட்சியாளரிடம் அவர்கள் நேருக்கு நேர் பேசுகிறார்கள். அவையோர் வாழ்த்துரை கூறுமிடத்தில் அவர்கள் மறுமையின் கேள்விக் கணக்கை நினைவூட்டுகிறார்கள்.

தம் கூற்றுகளுக்கு அவர்கள் முன்மாதிரியாகப் பெரிதும் எடுத்தாள்வது உமர் (ரலி) அவர்களின் ஆட்சியை. இராக்கின் ‘ஸவாத்’ எனப்படும் வளநிலம் வெற்றி கொள்ளப்பட்டபோது, அதைப் படைவீரரிடையே பங்கிட வேண்டும் என்று மூத்த ஸஹாபாக்கள் சிலரே வற்புறுத்தினர். உமர் (ரலி) அவர்களோ பின்வரும் தலைமுறைகளுக்கும் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் எது மிஞ்சும் என்று கேட்டார்கள். தனித்து முடிவெடுக்காமல், அன்ஸாரிகளில் அவ்ஸ் குலத்தார் ஐவரையும் கஸ்ரஜ் குலத்தார் ஐவரையும் அழைத்து, தாமும் அவர்களில் ஒருவரே என்று கூறிக் கருத்துக் கேட்டார்கள். ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனங்களை ஆதாரமாகக் காட்டினார்கள். இறுதியில் நிலம் உழுபவரிடமே விடப்பட்டு, அதன் வரி அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது.

அடுத்து எழுந்தது, நிலத்தை அளக்கத் தகுந்தவர் யார் என்ற வினா. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களின் பெயர் முன்மொழியப்பட்டது. அவர்கள் அளந்த பரப்பு மூன்று கோடியே அறுபது இலட்சம் ஜரீப் என இமாமவர்கள் பதிவு செய்கிறார்கள். அளவை முடிந்த பின்னரும் உமர் (ரலி) அவர்கள் ஓயவில்லை. நிலம் தாங்க இயலாத சுமையை ஏற்றிவிட்டீர்களோ என்று உஸ்மான் இப்னு ஹுனைஃபையும் ஹுதைஃபா (ரலி) அவர்களையும் துருவி வினவினார்கள். தாம் வாழ்ந்தால் இராக்கின் விதவைகள் தமக்குப் பின் எவரிடமும் கையேந்தும் நிலை இராது என்று அவ்வேளையில் கூறியதை ஸஹீஹுல் புகாரியும் பதிவு செய்துள்ளது. சில நாள்களிலேயே, ஹிஜ்ரி 23 (கி.பி. 644)-இல் அவர்கள் குத்தப்பட்டு ஷஹீதானார்கள்.

இன்னொரு செய்தியும் இந்நூலில் உண்டு. இராக்கின் வரிப்பணம் மதீனாவுக்கு வந்து சேரும்போது, கூஃபாவாசிகள் பதின்மரும் பஸராவாசிகள் பதின்மரும் உமர் (ரலி) அவர்கள்முன் நின்று, முஸ்லிமையோ உடன்படிக்கை பெற்ற பிற சமயத்தவரையோ கொடுமைப்படுத்தி இப்பணம் பெறப்படவில்லை என்று இறைவன்மீது ஆணையிட்டு நான்கு முறை சாட்சியம் கூற வேண்டும். வசூலித்தவரின் கணக்கேட்டை மட்டும் நம்பாமல், வரி செலுத்தும் நாட்டின் மக்களையே சாட்சிகளாக நிறுத்திய முறை இது.

விளைச்சலின் பங்கு

உமர் (ரலி) அவர்கள் நிலப்பரப்பிற்கேற்ப வரி விதித்தார்கள். ஹாரூனின் காலத்தில் அதை அப்படியே பின்பற்றலாகாது என்பது இமாமவர்களின் முடிவு. முன்மாதிரியை இத்துணை போற்றும் அறிஞர், அதன் சொல்லைவிட்டு நோக்கத்தைப் பற்றிக்கொள்ளும் இடம் இது. அன்று நிலம் செழித்திருந்தது, இன்று பல ஊர்கள் பாழடைந்துள்ளன. பயிரிடாத நிலத்துக்கும் குறித்த தொகையைக் கேட்டால் உழவர் ஊரைவிட்டே ஓடுவர் என்பது அவர்கள் வாதம். வரித்துறை அறிந்தோரைத் தாம் கலந்தாலோசித்ததாகவும் கூறுகிறார்கள். தானிய விலை ஏறும்போதும் இறங்கும்போதும் நிலைத்த தொகை அரசுக்கோ குடிகளுக்கோ தீங்காக முடியும். ஆகவே விளைந்ததில் பங்கு பெறும் ‘முகாஸமா’ முறையே இருதரப்புக்கும் நியாயமானது.

அந்தப் பங்கும் உழைப்புக்கேற்ப மாறுகிறது. தானே பாயும் நீரால் விளையும் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்கு அதனினும் குறைவு. பேரீச்சை, திராட்சை, தோட்டப் பயிர்களுக்கு மூன்றில் ஒன்று. கோடைப் பயிருக்கு நான்கில் ஒன்று. பாழ்பட்ட கால்வாய்களைத் தோண்டினால் நிலம் விரியும் என்று ஊரார் கூறினால், நம்பத்தக்க ஒருவரை அனுப்பி, அறிந்தோரிடம் விசாரித்து, உண்மையென உறுதியானபின் தோண்ட வேண்டும். அச்செலவைப் பைத்துல் மால் ஏற்க வேண்டும், ஊரார்மீது சுமத்தலாகாது என்கிறார்கள்.

வரிக்குத்தகை முறையை இமாமவர்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள். ஒரு பகுதியின் வரியை முன்கூட்டி ஒரு தொகைக்கு ஏலம் எடுத்தவன், தான் கட்டியதற்கு மேலும் சம்பாதிக்க வேண்டுமாதலால் குடிகளைப் பிழிவான், அடிப்பான், வெயிலில் நிறுத்துவான், கழுத்தில் கல்லைத் தொங்கவிடுவான். இவை அக்காலத்தில் அவர்கள் அறிந்த நடைமுறைகள். ஓர் ஊர் மக்கள் தாமே முன்வந்து, இன்னார் பொறுப்பேற்பது எங்களுக்கு இலகுவானது என்று கூறினாலன்றி, அம்முறையை அனுமதிக்க வேண்டாம் என்பதும், அப்போதும் அரசின் ஊதியம் பெறும் கண்காணிப்பாளர் உடனிருக்க வேண்டும் என்பதும் அவர்கள் கூறும் வழி.

சங்கிலியோடு யாசித்தவர்கள்

நூலில் நம் உள்ளத்தை மிகுதியும் தொட்ட பகுதி சிறைவாசிகள் பற்றியது. திருட்டு முதலான குற்றங்களுக்காகச் சிறையிலிருப்போருக்கு உணவு எங்கிருந்து வர வேண்டும் என்பது கலீஃபாவின் வினா. அக்காலத்தில் கைதிகள் சங்கிலியோடு வெளியே அழைத்து வரப்பட்டு, மக்களிடம் யாசித்து உண்டனர். இமாமவர்களின் விடை, பகைவரிடமிருந்து சிறைபிடிக்கப்பட்டவனுக்கே உணவளிக்கிறோம், தவறிழைத்துவிட்ட ஒரு முஸ்லிமைப் பசியால் சாகவிடுவது எப்படி என்னும் எதிர்வினாவோடு அமைகிறது.

அத்துடன் நின்றிருந்தால் அது நல்லுரையாக மட்டும் இருந்திருக்கும். அவர்கள் நடைமுறையை வகுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் பத்து திர்ஹம் ஒதுக்குக. ரொட்டியாக அனுப்பினால் காவலரும் பணியாளரும் எடுத்துக்கொள்வர். ஆகவே காசாகக் கொடுக்க. நேர்மையான ஒருவரை நியமித்துப் பெயர்ப் பட்டியல் எழுதச் செய்க. அவர் மாதந்தோறும் அமர்ந்து, ஒவ்வொரு பெயராக அழைத்து, அவரவர் கையிலேயே தொகையைக் கொடுக்கட்டும். குளிர்காலத்தில் சட்டையும் கம்பளிப் போர்வையும், கோடையில் சட்டையும் கீழாடையும் வழங்குக. பெண் கைதிகளுக்குத் தலையை மூடும் துணியும் சேர்த்து வழங்குக. உதவி எந்த இடத்தில் களவு போகும் என்பதை முன்னறிந்து அந்த வாயிலை அடைக்கும் இந்தக் கூர்மை, வறுமையை அறிந்தவருக்கும் அலுவலகங்களை அறிந்தவருக்கும் ஒருங்கே உரியது.

உற்றார் இல்லாத அயலூர்க் கைதி இறந்தால், சக கைதிகள் தமக்குள் காசு திரட்டித் தூக்குவோருக்குக் கூலி கொடுக்கும்வரை உடல் ஓரிரு நாள் சிறையிலேயே கிடக்கிறது என்றும், குளிப்பாட்டலும் கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் இன்றிப் புதைக்கப்படுகிறது என்றும் தமக்குச் செய்தி எட்டியதாக அவர்கள் எழுதுகிறார்கள். அவ்வுடலுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் அனைத்தும் பைத்துல் மாலின் செலவில் நிறைவேற வேண்டும் என வலியுறுத்துகிறார்கள். வழக்கே இல்லாதவர்கள் உள்ளே கிடக்கலாகாது, சிறைவாசிகளின் வழக்குகளை இடையறாது பார்வையிட வேண்டும் என்றும், சந்தேகத்தின்பேரில் இருநூறு முந்நூறு கசையடி கொடுப்பது ஹலாலன்று என்றும் கூறுகிறார்கள்.

ஸகாத், ஜிஸ்யா, முறைமன்றம்

ஸகாத்தை வசூலிக்கக் கராஜ் அதிகாரிகளை அனுப்ப வேண்டாம் என்பது மற்றோர் ஆலோசனை. இரண்டின் பணமும் கலக்கலாகாது. கராஜ் அனைத்து முஸ்லிம்களுக்கும் பொதுவானது. ஸகாத்தோ தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் பெயரிட்டுக் கூறியோருக்கு மட்டுமே உரியது. ஓரூரில் திரட்டிய ஸகாத் அவ்வூர் எளியோருக்கே பகிரப்பட வேண்டும்.

பிற சமயத்தவரிடம் பெறும் ஜிஸ்யாவில், யாசித்து உண்ணும் ஏழை, தொழிலற்ற பார்வையிழந்தவர், தீரா நோயாளி, பொருளில்லாத முதியவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. வசூலுக்காக எவரையும் அடிக்கவோ வெயிலில் நிறுத்தவோ கூடாது. யாசித்து நின்ற பார்வையிழந்த யூத முதியவரை உமர் (ரலி) அவர்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவி, பின்னர் பைத்துல் மால் பொறுப்பாளரிடம் அனுப்பிய நிகழ்ச்சியை இங்கேதான் இமாமவர்கள் எடுத்துரைக்கிறார்கள். அதே நூலில் பிற சமயத்தவரின் உடையும் சேணமும் வேறுபட்டிருக்க வேண்டும் என்ற விதிகளும் உள்ளன என்பதை மறைப்பது நேர்மையாகாது. அவை ஒரு பேரரசுக் காலத்தின் முத்திரை பெற்றவை. இன்றைய வாசகர் அவற்றில் இடறவே செய்வார். நூலை நேசிப்பதற்கு அதன் ஒவ்வொரு வரியையும் காத்து நிற்க வேண்டியதில்லை.

ஆலோசனைகள் அனைத்தையும் தாங்கும் தூணாக அவர்கள் காண்பது கண்காணிப்பை. அதிகாரிகளின் நடத்தையை விசாரித்தறிய நல்லோரை அனுப்புக. முறைகேடாகப் பெற்றதைத் திருப்பி வாங்குக. மாதத்துக்கொரு முறை அல்லது இரு மாதத்துக்கொரு முறையேனும் கலீஃபா நேரில் அமர்ந்து முறையீடுகளைக் கேட்கட்டும். அவ்வாறு ஓரிரு அமர்வுகள் நடந்த செய்தி நகரங்களுக்குப் பரவினாலே கொடியவர் அஞ்சுவர் என்பது அவர்கள் கணிப்பு.

பலித்ததும் பலிக்காததும்

ஹாரூன் ரஷீத் ஹிஜ்ரி 172 (கி.பி. 788)-இல் ஸவாத் மக்களிடம் விளைச்சலில் பாதிக்கு மேலும் பெறப்பட்டு வந்த பத்தில் ஒரு பங்கை நீக்கினார். ஹிஜ்ரி 204-இல் மஃமூன் அந்தப் பாதியை ஐந்தில் இரண்டாகக் குறைத்தார். இரண்டையும் தபரி பதிவு செய்துள்ளார். இமாமவர்கள் கூறிய அதே விகிதம், அவர்கள் ஹிஜ்ரி 182 (கி.பி. 798)-இல் மறைந்து இருபது ஆண்டுகள் கடந்தபின் நடைமுறைக்கு வந்ததை நாம் காண்கிறோம். வரிக்குத்தகையோ ஒழியவில்லை. ஹிஜ்ரி 306 (கி.பி. 918)-இல் அமைச்சரான ஹாமித் இப்னு அப்பாஸ் தாமே ஸவாதின் வரியைக் குத்தகைக்கு எடுத்ததும், தானிய விலை ஏறி பக்தாத் மக்கள் கிளர்ந்தெழுந்ததும் வரலாறு. இமாமவர்கள் எச்சரித்தது நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

ஆயினும் நல்ல சொல் மண்ணில் வீழ்ந்த விதையைப் போல எங்கோ முளைக்கிறது. அதே நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைச்சர் அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறைகளில் நெரிசலால் கைதிகள் நோயுறுவர், மருத்துவரைத் தேடிச் செல்லவும் அவர்களால் இயலாது. ஆகவே நாள்தோறும் மருத்துவர்கள் மருந்துகளோடு சிறைகளுக்குச் செல்ல ஏற்பாடு செய்க என்பது அதன் கருத்து. மருத்துவர் இல்லாத ஸவாதின் சிற்றூர்களுக்கு மருந்துக் களஞ்சியத்தோடு செல்லும் குழுவையும் அனுப்பச் செய்தார். மருத்துவர் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இக்கடிதங்களைக் காத்தளித்துள்ளார்.

‘கிதாபுல் கராஜ்’ ஹிஜ்ரி 1302-இல் எகிப்தின் பூலாக் அச்சகத்தில் அச்சேறியது. அது நம் கைக்கெட்டும் நூலாகி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. நம் மஹல்லா ஜமாஅத்துகளில் பைத்துல் மால் அமைப்போர் அதை வாசித்தால் சில வினாக்கள் எழும். ஸகாத்தும் பொது நன்கொடையும் தனித்தனிக் கணக்கில் உள்ளனவா? உதவிக்குரியோரின் பட்டியல் நேரில் விசாரித்து எழுதப்பட்டதா? விதவை ஒருத்தி பள்ளிவாசல் முற்றத்தில் பலர் காண நின்று பெற வேண்டியுள்ளதா, அவள் கையில் அமைதியாகச் சேர்கிறதா? கொடுத்தவரும் வாங்கியவரும் அல்லாத மூன்றாமவர் எவரேனும் கணக்கைப் பார்க்கிறாரா? இவ்வினாக்கள் புதியவை அல்ல. சங்கிலியோடு யாசித்த கைதியின்பொருட்டு ஒரு காழி என்றோ எழுப்பியவை.

இறுதியாக ஒரு செய்தி. கலீஃபாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புகள் கூறினார் என்று இமாமவர்களைப் பற்றிக் கதைகள் உலவுவதுண்டு. ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களோ அவர்களின் மரண வேளையைப் பற்றி வேறொன்றைப் பதிவு செய்கின்றன. வழக்காடிய இருவரில் ஒருவர்பக்கம் தம் உள்ளம்கூடச் சாய்ந்ததில்லை, ஒரே ஒரு வழக்கைத் தவிர என்று அவர்கள் இறைவனிடம் முறையிட்டார்கள். அது ஒரு கிறித்தவர் ஹாரூன் ரஷீதுக்கெதிராகத் தொடுத்த வழக்கு. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராகவே அமைந்தது. ஆனால் இருவரையும் தாம் சமமாக நடத்தவில்லை என்ற எண்ணம் அவர்களை அழ வைத்தது. ஆசிரியர் ஏன் அந்த வாயிலை மிதிக்க மறுத்தார்கள் என்பதற்கும், மாணவர் மிதித்தும் எவ்வாறு தம்மைக் காத்துக்கொள்ள முயன்றார்கள் என்பதற்கும் இக்கண்ணீரே விளக்கம். ஆலோசனை கூறும் இடத்தில் அமர்வோர் அனைவருக்கும் அத்தகைய அச்சத்தை வல்ல அல்லாஹ் நல்குவானாக.